சொந்தக் காரியம்

செய்தி வந்தது மதிய ஷிஃப்ட் மாறும் நேரத்தில். வியாழக்கிழமை, ஆகவே டிராம் டெப்போ கேன்டீனில் பட்டாணி சூப். ஓட்டுநர் லோதார் பியோன்டெக் தொத்திறைச்சியை நறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சங்கத்துப் பெண் ஸேவ்தா உள்ளே வந்தாள். வழக்கமாக வாசலிலேயே யாரையாவது சீண்டிக்கொண்டு வருகிறவள், அன்று ஒருவரையும் பார்க்காமல் நேராக வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஹில்லாக்கா போயிட்டாங்க. விடியக்காலைல, தூக்கத்துலயே. எவால்ட் இப்பதான் போன் பண்ணாரு."

லோதார் கத்தியைக் கீழே வைத்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அப்ப கேஸ்?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு மனுஷி செத்துப்போன செய்திக்கு இதுவா பதில்? காது நுனிவரை சூடேறியது. ஆனால் ஸேவ்தா கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றுவிட்டிருந்தன. எல்லாரும் அந்தக் கேள்விக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தெரியவில்லை, ஹில்லாவின் கணவர் எவால்டைத்தான் கேட்க வேண்டும் என்றாள் ஸேவ்தா. பிறகு லோதாரின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அவர் தொடாத சூப்பில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

ஹில்ட்ரூட் பிரிங்க்ஹோஃப் என்று முழுப் பெயரும் சொன்னால் அந்த டெப்போவில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. ஹில்லா என்றால் தெரியாதவர் இல்லை. ரொட்டிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், கடை முதலாளியோடு ஏதோ வாக்குவாதத்தில் மேலங்கியைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, எதிரில் வந்த டிராமில் ஏறி டெப்போவரை வந்து வேலை கேட்டார் என்பார்கள். ஜெர்மனியின் ரூர் பகுதியில் அப்போது பெண் ஓட்டுநர்களை விரல்விட்டு எண்ணலாம். முதல் வாரம் ஓய்வறையில் ஒருவன், "பிரேக் போட வலு வேணும் தங்கச்சி," என்றானாம். உனக்கு வாயை மூடவே வலு இல்லையே என்று திருப்பிக் கேட்டாராம் ஹில்லா. இது லோதார் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. ஆனால் டெப்போவில் யார் சொன்னாலும் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலத்தான் சொல்வார்கள்.

லோதார் சேர்ந்த பிறகு கண்ணால் பார்த்தது நாற்காலிக் கதை. புது வண்டிகளில் வந்த இருக்கை எல்லாருடைய முதுகையும் முறித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் கேன்டீனில் முனகினார்கள். ஹில்லா ஒருநாள் பட்டறைக்காரன் ஒருவனைப் பிடித்துத் தன் வண்டியின் இருக்கையைக் கழற்றச் சொன்னார். அதை மடியில் வைத்துக்கொண்டு பயணியாகத் தலைமை அலுவலகம் போனார். லிஃப்டில் ஏற்றி, இயக்குநர் அறையில் அவருடைய தோல் நாற்காலியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைத்தார். ஒரு வாரம் இதில் உட்காருங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இருக்கைகள் மாறின. இயக்குநர் உட்கார்ந்து பார்த்தாரா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இனி கை காட்டும் விஷயம். எதிரும் புதிருமாக இரண்டு டிராம்கள் கடக்கும்போது ஓட்டுநர்கள் கையைத் தூக்குவார்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. மூச்சு விடுவதை யார் எண்ணுகிறார்கள்? சண்டைக்காரனுக்கும் கை உண்டு, கடன்காரனுக்கும் உண்டு. கை கிடையாது என்றால் ஒன்றே ஒன்றுதான் அர்த்தம்: நீ எனக்கு ஆளே இல்லை.

ஹில்லாவிடமிருந்து அந்தக் கை லோதாருக்குப் பன்னிரண்டு வருடம் கிடைக்கவில்லை.

காரணம் இருந்தது. கூலி உயர்வுக்காக நடந்த ஒரு வேலைநிறுத்தத்தில் டெப்போ வாசலில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தபோது, லோதார் மட்டும் பின்கதவு வழியாகப் போய் ஒரு வண்டியை வெளியே எடுத்தார். வீடு வாங்கிய புதிது. மேலாளர் லோமான் தனியாகக் கூப்பிட்டு, வேலை நிரந்தரமாகாமல் போகலாம் என்று சும்மா ஒரு வார்த்தை போட்டிருந்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று பின்னாளில் சிலர் அவருக்காகக் காரணம் கற்பித்தார்கள். லோதார் அப்படி எதையும் சொன்னதில்லை. பயம், அவ்வளவுதான். வாசலைத் தாண்டும்போது இருபுறமும் நின்றவர்கள் கத்தக்கூட இல்லை. ஹில்லா மட்டும் கண்ணாடியருகே வந்து, சத்தம் போடாமல், உதட்டசைவில் ஒரு வார்த்தை சொன்னார். கருங்காலி.

வேலைநிறுத்தம் முடிந்தபின் யாரும் அவருக்குக் கை காட்டவில்லை. வருடங்கள் போகப் போக ஒவ்வொருவராக இளகினார்கள். ஒருவன் மகள் கல்யாணத்துக்கு மேசை நாற்காலி ஏற்ற லோதார் ஒத்தாசை செய்தார், அவன் கை தூக்கினான். இன்னொருவன் பந்தாட்டத்தில் தங்கள் அணி ஜெயித்த சந்தோஷத்தில் மறந்துபோய்த் தூக்கிவிட்டான், அப்புறம் கீழே போட வெட்கம். ஹில்லா மட்டும் இளகவில்லை. எதிரே வரும்போது, மேலே மின்கம்பியில் ஏதோ குருவி உட்கார்ந்திருப்பதுபோல் லோதாரின் கூரைக்கு மேலே பார்த்துக்கொண்டு போவார். லோதார் ஒவ்வொரு முறையும் கை தூக்கினார். ஒருநாளும் விடவில்லை. ரோஷமில்லாதவன் என்று சிலர் சிரித்தார்கள்.

இது லோமானின் காதுக்குப் போய், அவர் ஹில்லாவைக் கூப்பிட்டு விசாரித்தார். ஹில்லா ஒப்புக்கொண்டார்: ஆமாம், காட்டுவதில்லை, காட்டவும் மாட்டேன். லோமான் மெமோ கொடுத்தார். "பணிநேரத்தில் சக ஓட்டுநர்களுக்குக் கை காட்டுவது பணியொழுங்கின் ஒரு பகுதியாகும். இதைத் தொடர்ந்து மறுப்பது பணிமீறலாகக் கருதப்படும்." அந்தத் தாளை ஹில்லா கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுக் கழிவறையில், உட்கார்ந்தால் கண்ணெதிரே படுகிற இடத்தில் மாட்டினார். அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போன ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தபடி வெளியே வருவார்கள். டெப்போவில் அதை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் இருந்தார்கள். லோதாரும் கேள்விப்பட்டார். ஹில்லா வீட்டுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து இன்னொரு வேலைநிறுத்தம் வந்தது. முதல்நாள் விடியுமுன் வாசலுக்கு வந்த முதல் ஆள் லோதார். ஈர விறகைத் தகரப் பீப்பாயில் போட்டு, ஊதி ஊதிப் பற்றவைத்தார். பிறகு வந்தவர்கள் சுற்றி நின்று கையைக் காட்டிக் குளிர்காய்ந்தார்கள். ஹில்லா பெரிய ஃபிளாஸ்க்கோடு வந்து வரிசையாக எல்லாருக்கும் காபி ஊற்றினார். லோதாரிடம் வந்தபோது முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஊற்றினார். கடைசிநாள்வரை மழையில் அந்த நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது லோதார்தான்.

வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின. தெற்கே மேட்டுப்பாதையில் தடம் ஒன்றுதான். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இரட்டைத் தடமாகப் பிரியும். ஒரு வண்டி அங்கே காத்திருக்கும், மற்றது கடந்து போகும். அன்று காத்திருந்தவர் லோதார். வந்தவர் ஹில்லா. லோதார் வழக்கம்போலக் கையைத் தூக்கப் போனார். அதற்கு முன்னாலேயே எதிரே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை எழுவதைப் பார்த்தார். மெதுவாக, உள்ளங்கை தெரிய, தோளுக்கு மேலே.

பார்த்ததும் அவருடைய சொந்தக் கை மடியிலேயே கிடந்துவிட்டது. அவ்வளவு திகைப்பு. அடுத்த நொடி, பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பார்சல் வேன் திரும்பித் தண்டவாளத்தின் குறுக்கே பாய்ந்தது. ஹில்லா இடக்கையால் அவசர பிரேக்கைப் போட்டார். வண்டி நின்றது, வேனுக்குக் கீறல்கூட இல்லை, பயணிகளுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் உயர்ந்திருந்த வலது கை முன்னால் போய்க் கண்ணாடி ஓரத்து இரும்புத் தூணில் மாட்டி, உடம்பு ஒருபக்கமும் தோள் ஒருபக்கமுமாக முறுக்கிக்கொண்டது. லோதார் ஓடிப்போய் கதவைத் திறந்தபோது ஹில்லா வலியில் வெளுத்துப்போய், வேன்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் விபத்து டாக்டர் கேட்டார், கை ஏன் மேலே இருந்தது என்று. எதிரே வந்தவருக்குக் காட்டினேன் என்றார் ஹில்லா. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் லோதார் பார்க்கப் போனார். கையில் ஒரு தொட்டிச் செடி. நோயாளிக்குத் தொட்டியோடு செடி கொண்டுபோகக் கூடாது, ஆள் அங்கேயே வேர்விட்டுவிடுவார் என்பது அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பதற்றத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. வாசலில் நின்றார். உள்ளே ஸேவ்தா கட்டிலோரம் உட்கார்ந்து மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெயில் மறைப்பை இறக்கப் போனேன்னு ஒரு வார்த்தை. அது வேலை. அதுக்கு விபத்து நிதியம் ஒண்ணும் சொல்ல முடியாது. கை காட்டினேன்னு சொன்னீங்கன்னா, அது உன் சொந்த விஷயம்னு தள்ளிடுவாங்க. இப்பவே மாத்திச் சொல்லிடலாம், மயக்கத்துல உளறிட்டேன்னு."

"வெயிலே இல்லியேடி அன்னிக்கு."

"யாரு பாத்தா?"

"இங்க பாரு. மறைப்பை இறக்கினேன்னு சொன்னா, நான் அவனுக்குக் கை காட்டலன்னு ஆயிடும். பன்னெண்டு வருஷம் யோசிச்சுக் காட்டின கை அது. அதை நான் திருப்பி வாங்கிக்க மாட்டேன்."

அப்போதுதான் வாசலில் நின்ற ஆளையும் செடியையும் பார்த்தார் ஹில்லா. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு லோதாரிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது:

"தொட்டியோடவா? நான் இங்கயே வேர் விடணும்னு வேண்டுதலா?"

ஸேவ்தா சொன்னபடியே ஆயிற்று. விபத்துக் காப்பு நிதியம் மறுத்துவிட்டது. பணியாளர் விபத்தின்போது செய்துகொண்டிருந்தது பணி அல்ல, சொந்தக் காரியம். இரு கைகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் காயமே ஏற்பட்டிருக்காது. ஆகவே இது பணிவிபத்து ஆகாது. அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். நிதியத்தின் நல்ல மருத்துவமனையில் சிகிச்சை கிடையாது. கை தோளுக்கு மேல் எழாவிட்டால் டிராம் ஓட்ட முடியாது, அதற்கு ஈடாக மாதாமாதம் எதுவும் வராது. நாளைக்கே வீட்டுக்குப் போ என்று கம்பெனி சொன்னாலும் போக வேண்டியதுதான்.

டெப்போவில் அந்த வார்த்தை காட்டுத்தீயாகப் பரவியது. ஓட்டுநர் மூக்கைச் சிந்தினால், "என்னப்பா, சொந்தக் காரியமா?" கொட்டாவி விட்டால் சொந்தக் காரியம். ஒருவன் கடைசி நிறுத்தத்தில் கழிவறைக்குப் போய்வந்து, போகிற வழி கம்பெனிக் கணக்கு, உள்ளே நடந்தது என் கணக்கு என்று அறிவித்தான். இதற்கிடையே கம்பெனி ஒரு சுற்றறிக்கை ஒட்டியது: ஓடும்போது கை காட்டக் கூடாது. அன்றிலிருந்து ஓட்டுநர்கள் பிடியிலிருந்து கையை எடுக்காமல் ஒற்றை விரலை மட்டும் தூக்கத் தொடங்கினார்கள். அந்த விரலுக்கே சொந்தக் காரியம் என்று பெயர் விழுந்துவிட்டது. மேற்பார்வையாளர் எதிரே நின்றால் விரலை இன்னும் நன்றாகத் தூக்கினார்கள்.

ஹில்லாவின் தோளில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள். கை பாதிவரைதான் திரும்பி வந்தது. கம்பெனி அவரை, வழக்கு முடியும்வரை என்று சொல்லி, தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்தது. குடை, ஒற்றைக் கையுறை, பல்செட், ஒருமுறை முழு டிரம்பெட். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போவதை அவர் பார்க்கமாட்டார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அவருடைய கணவர் எவால்ட் சண்டைக்காரர் அல்ல. கூரை வேலை செய்து முழங்கால் தேய்ந்த மனிதர். கிடைத்ததை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று அவர் எத்தனையோ முறை சொன்னார். இவளுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். மூன்று கால் இருக்கிற முயலைத்தான் நான் பிடித்தேன் என்பார் ஹில்லா.

வழக்கு, காப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் சமூக நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஒரு நடுவயதுப் பெண். அவருக்கு ஒருபுறம் முதலாளிகள் சார்பில் ஒருவர், மறுபுறம் தொழிலாளர் சார்பில் ஒருவர். லோதார் சாட்சி. தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். ஹில்லா துணிப்பையில் எதையோ இடுக்கிக்கொண்டு வந்தார்.

நிதியத்தின் ஆள் மரியாதையான இளைஞன். லோதாரைக் கேட்டான், அந்தக் கை உங்களுக்காகத்தான் தூக்கப்பட்டது என்று எப்படித் தெரியும், தலையைச் சொறியக்கூடத் தூக்கியிருக்கலாமே என்று.

"மத்தவங்களுக்குன்னா சும்மா ஆட்டிட்டுப் போவாங்க," என்றார் லோதார். "எனக்கு மெதுவா தூக்கினாங்க."

"அதற்கு என்ன அர்த்தம்?"

லோதார் கொஞ்சநேரம் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "நானும் அங்க வேலை செய்யறவன்தான்னு அர்த்தம்."

பதிலுக்கு நீங்கள் கை காட்டினீர்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை, திகைத்துப்போய்விட்டேன் என்றார் லோதார். பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த ஓட்டுநர்கள் சிரித்துவிட்டார்கள். ஹில்லாவும்.

பிறகு ஹில்லாவின் முறை. துணிப்பையிலிருந்து சட்டம் போட்ட மெமோவை எடுத்து, இடக்கையால் மேசைமேல் வைத்தார். கண்ணாடி ஓரத்தில் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. மூலப் பிரதிதானா என்று நீதிபதி கேட்டார்.

"மூலப் பிரதிதாம்மா. வாங்குன நாள்லேந்து எங்க கக்கூஸ்லதான் தொங்குது. வேற எங்கயும் போகல."

நீதிபதி படித்தார். பக்கத்தில் இருந்த இருவருக்கும் தள்ளினார். முதலாளிகள் பக்கத்து ஆள் இருமினார்.

"கை காட்டலன்னப்போ அது வேலை," என்றார் ஹில்லா. "காட்டினப்போ சொந்தக் காரியம். ரெண்டுல எதுன்னு அவங்களே பேசி முடிவு பண்ணட்டும். நான் உக்காந்திருக்கேன்."

அவர் குரலில் கெஞ்சலும் இல்லை, கேலியும் இல்லை. டெப்போவில் பேசுகிற அதே குரல், கொஞ்சம் சன்னமாக.

இடைவேளை விட்டார்கள். நடைவழியில் அந்த இளைஞன் ஸேவ்தாவிடம் வந்து ஒரு சமரசம் சொன்னான். நிதியம் இதைப் பணிவிபத்தாக ஏற்றுக்கொள்ளும், சிகிச்சை, மாதாந்திரத் தொகை எல்லாம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: கை காட்டியபோது என்று இருக்கக் கூடாது, கையை அசைத்தபோது என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் நாட்டிலுள்ள ஓட்டுநரெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எவால்ட் பெருமூச்சு விட்டு, கடவுள் கண் திறந்தார் என்றார். ஸேவ்தாவும் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். கேட்டதெல்லாம் கிடைக்கிறது, ஒரு வார்த்தைதானே. லோதார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். தன்னால்தான் இவ்வளவும் என்கிற எண்ணம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஹில்லாவிடம் போனார்.

"எனக்காகப் பாக்க வேணாம், ஹில்லா. அந்தக் கையை நான் பாத்துட்டேன். எனக்கு அது போதும். நீ வாங்கிக்க." பிறகு, நெடுநாள் தொண்டையில் நின்றதையும் சேர்த்துச் சொன்னார்: "லோமான் கிட்ட அன்னிக்குப் புகார் சொன்னது நானில்ல."

"தெரியும். நீ சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்." ஹில்லா பையைத் தோளில் மாட்டப் போய், மாட்ட முடியாமல், கையிலேயே பிடித்துக்கொண்டார். "உனக்காகன்னு யாரு சொன்னா? அசைச்சேனாம். இலை அசையும், நாய் வால் அசையும். நான் கை காட்டினேன். வேலை நேரத்துல, வேலை செய்யறவனுக்கு. அப்படித்தான் எழுதணும்."

சமரசம் வேண்டாம் என்று உள்ளே போய்ச் சொன்னார். நீதிபதி இரண்டு முறை கேட்டார், யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று. தோற்றால் ஒன்றும் இல்லாமல் போகலாம் என்பதையும் விளக்கினார். ஹில்லா ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பு ஹில்லாவுக்குச் சாதகமாக வந்தது. எதிரே வந்த சக ஓட்டுநருக்குக் கை காட்டியபோது என்று அதில் அச்சிட்டிருந்தது. மெமோவை எடுத்துக் காட்டி, பணிதருபவர் ஒரு செயலைக் கட்டளையாக விதித்துவிட்டுப் பிறகு அதைத் தனிப்பட்டதாகச் சொல்ல இயலாது என்றும் இருந்தது. கேன்டீனில் ஒருவன் பெஞ்சின் மேல் ஏறி நின்று அதைச் சத்தமாக வாசித்தான். நிதியம் மேல்நீதிமன்றம் போயிற்று. தோள் ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்று ஒரு புதுக் காரணமும் சேர்த்துக்கொண்டது. விசாரணைக்கு நாள் குறிக்கக் காத்திருந்தார்கள். ஹில்லா சட்டம் போட்ட மெமோவை மறுபடி கழிவறையில் மாட்டிவிட்டு, தொலைந்த பொருள் அறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். இந்தக் காத்திருப்பின் நடுவில்தான் அந்த வியாழக்கிழமை.

அடக்கம் முடிந்தபின் கல்லறைக்கு எதிரே இருந்த விடுதியில் காபியும் பொடிமாவுக் கேக்கும் கொடுத்தார்கள். வந்தவர்கள் சீருடையிலேயே வந்திருந்தார்கள். மாரடைப்புக்கும் தோளுக்கும் சம்பந்தமில்லை, ஆகவே பணமாக அந்த வழக்கில் இனிப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதை ஸேவ்தா விசாரித்து வைத்திருந்தாள். ஒரே வீட்டில் வாழ்ந்த கணவர் விரும்பினால் ஹில்லாவின் இடத்தில் நின்று வழக்கைத் தொடரலாம். இரு தரப்பும் முடித்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்தால், தீர்ப்பும் அதோடு போகும், கை காட்டியபோது என்கிற அந்த வரியும் போகும்.

வழக்கைத் தொடர்வீர்களா என்று லோதாரால் எவால்டிடம் கேட்க முடியவில்லை. எந்த உரிமையில் கேட்பது? மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கும் மனிதர், எப்போதுமே விட்டுவிடலாம் என்று சொல்லிவந்தவர், கேக்கை விரலால் உதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லோதார் இரண்டு முறை அவருடைய மேசைவரை போய்த் திரும்பினார். மூன்றாம் முறை எவால்டே காலால் நாற்காலியைத் தள்ளிவிட்டார், உட்கார் என்று.

நிதியத்திலிருந்து போன் வந்ததைச் சொன்னார். அதே இளைஞன்தான். அழகாக அனுதாபம் சொன்னானாம், குரல்கூடத் தழுதழுத்ததாம். கடைசியில்தான் வந்தானாம் விஷயத்துக்கு.

"இனிமே இதனால யாருக்கு என்ன பிரயோசனம், முடிச்சுக்கலாமேன்னான். அதுவரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், லோதார். சத்தியமா. காகிதத்தை மடிச்சு வச்சிட்டுப் படுக்கலாம்னு." எவால்ட் கேக் துணுக்குகளைத் தட்டின் நடுவில் குவித்தார். "அவன் அப்படிக் கேட்டதும் என்னால முடியல. நாப்பது வருஷம் நான் அவகிட்ட கேட்டுக்கிட்டிருந்த கேள்வி அது. நான் கேக்கலாம். அவன் யாரு கேக்கறதுக்கு?"

"அப்ப?"

"தொடர்றேன்னு சொல்லிட்டேன். நீ சாட்சிக்கு வருவியா?"

"வருவேன்."

"கோட்டைத் தச்சுப் போட்டுக்கிட்டு வா. அன்னிக்குப் பொத்தானைத் திருகியே அத்துட்டே."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள், எவால்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. லோமான்கூட வந்திருந்தார், ஓய்வு பெற்று வயதாகிப்போய். தேவைப்பட்டால் அந்த மெமோ தான் எழுதியதுதான் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்வதாக ஸேவ்தாவிடம் முணுமுணுத்தார். தேவைப்படும், பேனாவோடு வாருங்கள் என்றாள் அவள். அவருக்குக் காபி ஊற்ற மட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. தானே ஊற்றிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை லோதார், எவால்டோடு, அவரும் ஹில்லாவும் ரயில் பாதையோரத்தில் வைத்திருந்த வாடகைத் தோட்டத்துக்குப் போனார். உருளைக்கிழங்கு தோண்ட வேண்டும், எவால்டின் முழங்கால் மடங்காது. வழக்குக்கான காகிதங்களில் எவால்ட் அங்கேயே கையெழுத்துப் போட்டார், கவிழ்த்த வாளியின் மேல் வைத்து. தோட்டச் சங்கத்தின் விதிப்படி தோட்டக் குடிசைகளுக்குப் பச்சை அல்லது பழுப்பு மட்டும்தான் அடிக்கலாம். ஹில்லா இரண்டு வாரத்துக்கு முன் நீலம் வாங்கி வந்திருந்தார், டிராமின் நீலம். சங்கத் தலைவர் இரண்டு தடவை வந்து எச்சரித்துவிட்டுப் போனாராம். மூன்றாம் தடவை வரும்போது அவருக்கும் ஒரு தூரிகை தருவதாக ஹில்லா சொல்லியனுப்பினாராம்.

டப்பா வாசற்படியில் இருந்தது, மூடி சரியாக அழுத்தப்படாமல். குடிசையின் முன்சுவரில் நீலம் ஹில்லாவின் வலக்கை எட்டிய உயரம்வரை ஏறியிருந்தது. அதற்கு மேலே கூரைவரை பழைய பச்சை.